மகரந்தப் பருவம் நீள்கிறதா, அல்லது என் உடல்தான் மாறிவிட்டதா?

கேள்வி: கிளுவைவேலி (ரொறன்ரோ)

வணக்கம். நான் 2009 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தேன். அன்று தொட்டு ஸ்காபரோவிலேயே குடியிருக்கிறேன். ஊரில் சூடடிக்கும் களத்தில் வைக்கோல் தூசிக்கு நடுவே நின்றபோதும், பனையோலை எரித்த அடுப்படியில் இருந்தபோதும் நான் தும்மியதாக நினைவில்லை. இங்கே வந்த முதல் ஐந்து ஆண்டுகளும் அப்படியே கழிந்தன. 2014 ஆகஸ்டில்தான் முதன்முதலாகக் கண் அரித்து, மூக்கு ஒழுகி, இரவுறக்கம் கெட்டது. தடிமன் என்று எண்ணி மல்லித் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். மூன்று வாரமாகியும் தணியாததால் மருத்துவரிடம் போனபோது, ராக்வீட் என்னும் களைச்செடியின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை இது என்றார்.

அன்றிலிருந்து மாத்திரை எடுக்கும் நாட்களைச் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பேனாவால் வட்டமிட்டு வருகிறேன். பழைய நாட்காட்டிகளையும் எறியவில்லை. தொடக்கத்தில் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் கடைசி வரைதான் வட்டங்கள் இருந்தன. 2017 முதல் ஏப்ரல் கடைசியிலும் வட்டங்கள் வந்தன. சென்ற ஆண்டின் முதல் வட்டம் மார்ச் 30. கடைசி வட்டம் ஒக்டோபர் 17. ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஏறத்தாழ மூன்று வாரம் மட்டுமே பக்கம் வெறுமையாக இருக்கிறது.

காலநிலை மாற்றத்தால் மகரந்தப் பருவம் நீள்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். என் கணவரோ, "உமக்குக் கனடா ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்" என்று சிரிக்கிறார். என் நாட்காட்டி காட்டுவது காலநிலை மாற்றத்தையா, அல்லது என் உடலின் மாற்றத்தையா? மே மாதக் கடைசியில் கார்க் கண்ணாடி முழுவதும் மஞ்சள் பொடியாகப் படிகிறதே, அதுதான் காரணமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

பதில் 1: இலைநரம்பு (கோயம்புத்தூர்)

சகோதரி, நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால்தான் விடை தெளியும். உங்கள் பருவத்தின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு தாவரங்களால் வருபவை. அவை இரண்டும் ஒரே காரணத்தால் நகர்வதும் இல்லை.

முதலில் வசந்த காலம். உங்கள் பகுதியில் பனி உருகும்போது ஆல்டர், எல்ம், மேப்பிள், அவற்றுக்குப் பின் பிர்ச், ஓக் ஆகிய மரங்கள் காற்றில் மகரந்தத்தை விடுகின்றன. பிர்ச் மரத்தின் ஆண் பூங்கொத்துகள் முந்தைய கோடையிலேயே உருவாகி, குளிர்காலம் முழுவதும் கிளை நுனியில் சிறு புழுக்களைப் போல விறைத்துத் தொங்கும். வசந்தத்தில் போதிய வெப்பம் சேர்ந்ததும் நெகிழ்ந்து திறக்கும். ஆகவே வசந்தம் முந்தினால் மகரந்தமும் முந்தும். வட அமெரிக்காவில் 60 மகரந்த நிலையங்களில் 1990 முதல் 2018 வரை பதிவான அளவுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான ஆய்வு, பருவம் ஏறத்தாழ 20 நாட்கள் முன்னதாகத் தொடங்குவதையும், 8 நாட்கள் கூடுதலாக நீடிப்பதையும், காற்றிலுள்ள மகரந்தத்தின் அளவு 21 விழுக்காடு கூடியிருப்பதையும் கண்டது. பருவம் நீண்டதில் ஏறத்தாழப் பாதிக்கு மனிதரால் ஏற்பட்ட வெப்பமாதல் காரணம் என்றும், அளவு கூடியதில் அதன் பங்கு இன்னும் சிறியது என்றும் அந்த ஆய்வாளர்களே கணித்தார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

அடுத்தது ராக்வீட். இதன் போக்கு வேறு. பகல் குறுகி இரவு நீளத் தொடங்கினால்தான் இது பூக்கும். சூரியனின் கணக்கு மாறாததால், அதன் தொடக்கம் மரங்களின் தொடக்கத்தைப் போல முன்னும் பின்னும் ஓடுவதில்லை. உங்கள் வட்டங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவிலேயே மீண்டும் தொடங்குமானால் அதற்குக் காரணம் இதுவே. ஆனால் அதன் முடிவு உறைபனியின் கையில் இருக்கிறது. முதல் கடும் உறைபனி விழுந்த இரவோடு செடி மடியும். அந்த இரவு தள்ளிப்போனால் பருவமும் தள்ளிப்போகும். 1995 முதல் 2009 வரை நடந்த அளவீடுகளின்படி, வினிபெக்கில் ராக்வீட் பருவம் 25 நாட்களும் சாஸ்கட்டூனில் 27 நாட்களும் நீண்டன. தெற்கே டெக்சஸ் பக்கம் போனால் அத்தகைய நீட்சி தென்படவில்லை. வடக்கே போகப் போக மாற்றம் கூடுகிறது என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். ரொறன்ரோ அந்த ஆய்வின் இடங்களுள் ஒன்றல்ல. ஆகவே அந்த எண்களை அப்படியே உங்கள் ஊருக்குப் பொருத்திவிடாதீர்கள்.

வெப்பத்தைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு இதுவே வியப்பளிப்பது. கரியமில வாயு செடிக்கு உணவு. ராக்வீட்டை மூடிய அறையில் வளர்த்துச் சோதித்தபோது, தொழிற்புரட்சிக்கு முந்தைய 280 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு) அளவில் ஒரு செடி ஏறத்தாழ 5.5 கிராம் மகரந்தத்தையும், 370 பிபிஎம் அளவில் 10 கிராமையும், 600 பிபிஎம் அளவில் 21 கிராமையும் உண்டாக்கியது. இன்றைய வளிமண்டலம் 420ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து நடுவிலும் அதன் நாட்டுப்புறத்திலும் இதே செடியை வளர்த்துப் பார்த்தார்கள். வெப்பமும் கரியமில வாயுவும் மிகுந்த நகரத்தில் அது விரைந்து வளர்ந்து, முன்னதாகவே பூத்து, மிகுதியாக மகரந்தம் சொரிந்தது. நாளைய வானிலையை நகரங்கள் இன்றே ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லலாம்.

இனி உங்கள் மஞ்சள் பொடி. அது பெரும்பாலும் பைன் மரத்தின் மகரந்தம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதாலேயே எல்லாரும் அதன்மேல் பழி போடுகிறார்கள். ஆனால் பைன் மகரந்தத்துக்கு ஒவ்வாமை கொள்பவர்கள் அரிது. ராக்வீட்டின் மணியோ 20 மைக்ரான் அளவே உடையது. படிந்தாலும் கண்ணில் படாது. ஆகஸ்டில் சாலையோரம் தங்க நிறத்தில் பூக்கும் கோல்டன்ராட் செடிக்கும் இதே அநியாயம் நடக்கிறது. அதன் மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ளது. தேனீக்கள் சுமந்தால்தான் நகரும். அதன் பக்கத்திலேயே பச்சைப் பூவோடு ஒதுங்கி நிற்கும் ராக்வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பதில் 2: கணக்குப்பிள்ளை (சென்னை)

மேலே பேராசிரியர் சொன்னவற்றை மறுக்கவில்லை; ஆனால் கேள்வி கேட்ட சகோதரியின் நிலைக்கு அவற்றைப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள் முதல் சில ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இன்றி இருந்து, பிறகு உள்ளூர் மகரந்தத்துக்கு ஒவ்வாமை கொள்வது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வசித்த ஆண்டுகள் கூடக் கூட ஒவ்வாமையும் கூடுகிறது. ஒரு பொருளை உடல் பலமுறை சந்தித்த பிறகே அதற்கு எதிரான ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் சேர்கிறது. 2009 இல் வந்தவருக்கு 2014 இல் தொடங்கியது என்றால் அது பாடநூலில் உள்ள கதை. அதற்கு வானிலை மாறியிருக்கத் தேவையே இல்லை. ராக்வீட் ஒவ்வாமை உள்ளவருக்குச் சில ஆண்டுகளில் மர மகரந்தமும் சேர்ந்துகொள்வது அன்றாடம் காணும் செய்தி. அப்படியானால் ஏப்ரல் வட்டங்கள் "பருவம் முந்தியதை" அல்ல, "புதிய ஒவ்வாமை சேர்ந்ததை" காட்டுகின்றன.

மேலும், மேலை நாடுகளில் மகரந்த ஒவ்வாமை பெருகத் தொடங்கியது 19 ஆம் நூற்றாண்டிலேயே; இப்போதைய வெப்பமாதலின் வேகத்துக்கு முன்பே அது நடந்தது. வீட்டு வாழ்க்கை, உணவு, குழந்தைப் பருவத்துத் தொற்றுகள் குறைந்தது எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. எல்லாவற்றையும் ஒரே ஆணியில் மாட்டிவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

பதில் 3: இலைநரம்பு (கோயம்புத்தூர்)

கணக்குப்பிள்ளை ஐயா கூறியதை ஏற்கிறேன். நான் எழுதியிருக்க வேண்டியதை அவர் எழுதிவிட்டார். பயிர் வேறு, களம் வேறு. யாருக்கு ஒவ்வாமை வருகிறது என்பதை உடலும் வாழ்க்கைமுறையும் பெரிதும் தீர்மானிக்கின்றன. வந்துவிட்ட ஒருவர் ஆண்டுக்கு எத்தனை நாள், எவ்வளவு மகரந்தத்தை மூச்சில் இழுக்கிறார் என்பதில்தான் காலநிலை நுழைகிறது. ஆகவே சகோதரியின் நாட்காட்டியில் ஏப்ரல் மாதம் புதிதாகச் சேர்ந்தது உடலின் வேலையாக இருக்கலாம். ஆனால் செப்டெம்பர் கடைசியில் முடிந்தது ஒக்டோபர் நடுவரை போவதற்கு உடலை மட்டும் காரணம் காட்டுவது கடினம். செத்த செடி மகரந்தம் தராது. ஒக்டோபரில் தும்முகிறார் என்றால் எங்கோ செடி இன்னும் உயிரோடு நிற்கிறது என்று பொருள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பிர்ச் போன்ற மரங்கள் ஓர் ஆண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு சொற்பமாகவும் பூப்பவை. ஓர் ஆண்டு மோசமாக இருந்ததை வைத்து எதையும் முடிவு கட்ட இயலாது. பத்து நாட்காட்டிகளையும் வரிசையாக விரித்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தரிசு நிலமெல்லாம் படர்ந்துள்ள பார்த்தீனியம், 1950களின் நடுப்பகுதியில் புனேயில் கண்ணில் பட்டு, பின் நாடெங்கும் பரவியது. அதுவும் ராக்வீட்டும் ஒரே குடும்பம். ஒன்றின் மகரந்தத்துக்குப் பழகிய எதிர்ப்புப் புரதம் மற்றொன்றையும் அடையாளம் காண்கிறது என்பதை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊரில் பார்த்தீனியம் மண்டிய இடத்தில் வாழ்ந்துவிட்டுக் கனடா செல்பவர்களுக்கு ராக்வீட் முற்றிலும் அந்நியமாக இராது. யாழ்ப்பாணத்திலும் அச்செடி பரவியிருப்பதால் மருத்துவரிடம் இதையும் சொல்லி வையுங்கள்.

பதில் 4: தென்றல்வாசி (மெல்பேர்ண்)

இங்கே நடந்த ஒன்றை நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. வெயில் 35 பாகையைத் தொட்ட நாள். மாலையில் இடிமழைக்கு முன் ஒரு குளிர்காற்று ஊருக்குள் பாய்ந்தது. நான் வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நடந்துகொண்டிருந்தேன். காற்று குளிர்ந்ததும் ஆறுதலாக இருந்தது. வீட்டுப் படலையை அடைவதற்குள் நெஞ்சை யாரோ கயிற்றால் கட்டியது போல் ஆகிவிட்டது. எனக்கு அதுவரை தொய்வு (ஆஸ்துமா) வந்ததே இல்லை. வசந்தத்தில் மூக்கு ஒழுகுவது மட்டுந்தான். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் தொய்வுக்கு இழுக்கும் நீலப் பம்பை இரவல் வாங்கி இழுத்துத்தான் அன்று தப்பினேன்.

அந்த மாலையிலும் அடுத்த நாளிலுமாக, மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,000 பேருக்கும் மேல். பத்துப் பேர் இறந்தார்கள். காரணம், நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள மேய்ச்சல் நிலங்களில் பூத்திருந்த ரைகிராஸ் புல். அதன் மகரந்த மணி பெரியது. சாதாரண நாளில் மூக்கோடு நின்றுவிடும். இடிமேகத்தின் ஈரத்தில் அது வெடித்து, உள்ளிருக்கும் மாச்சத்துத் துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்குச் சிறிதாகச் சிதறின. புயலின் முன்காற்று அவற்றை வாரிக்கொண்டு வந்து தரையோடு வீசியது. வந்தவர்களில் பலருக்குத் தொய்வு இருப்பதாக அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. ஆனால் மகரந்த ஒவ்வாமை இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்கள் இந்நகரின் மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட மிகக் கூடுதலாக அவர்களிடையே இருந்தார்கள். வந்த நாட்டின் புல்லுக்கு உடல் புதிதாகப் பழகியவர்கள் நாம் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிடலாமா என்று கேட்டால், அவசரப்பட மாட்டேன். இதே ஊரில் 1980களிலும், லண்டனில் 1994 ஜூனிலும் இத்தகைய இடிமழைத் தொய்வு நடந்திருக்கிறது. மழை நன்றாகப் பெய்து புல் செழித்த வசந்தம், வெயில், தக்க நேரத்தில் தக்க விதமான புயல் ஆகிய மூன்றும் ஒன்று சேர வேண்டும். வெப்பம் கூடும் உலகில் அவை அடிக்கடி ஒன்று சேருமோ என்பதுதான் அச்சம். 2017 முதல் இங்கே ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை இதற்கென்றே முன்னறிவிப்பு வருகிறது. அபாயம் அதிகம் என்று அறிவிக்கும் நாட்களில் நான் யன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறேன்.

கிளுவைவேலி எழுதியது

எல்லாருக்கும் நன்றி. தென்றல்வாசி அண்ணா எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். கடந்த மூன்று ஆண்டுகளாக அப்பிள் பழத்தைக் கடித்தவுடன் உதடும் அண்ணமும் அரிக்கின்றன. அதே அப்பிளை அவித்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மீதியை நான் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. இதற்கும் மகரந்தத்துக்கும் தொடர்பு உண்டா? மருந்தை எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் யாராவது சொல்ல முடியுமா?

பதில் 5: குளிசைக்கடை (ஒன்ராறியோ)

நான் மருந்தாளர். அப்பிள் விடயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது உங்கள் புதிருக்கு நல்ல தடயம். பிர்ச் மகரந்தத்தில் உள்ள ஒரு புரதமும் அப்பிள், பீச், கரட், பாதாம் முதலியவற்றில் உள்ள புரதங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. உடல் ஒன்றை மற்றொன்றாகக் கருதி அரிப்பை உண்டாக்குகிறது. அந்தப் புரதம் சூட்டைத் தாங்காது. அதனால்தான் அவித்த அப்பிள் உங்களைச் சீண்டுவதில்லை. ராக்வீட்டுக்கும் இப்படி ஒரு வட்டம் உண்டு: முலாம்பழம், வத்தகப்பழம், வெள்ளரிக்காய், வாழைப்பழம். ஆகவே உங்கள் ஏப்ரல் வட்டங்களுக்குப் பிர்ச் காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு. தோல் பரிசோதனை செய்தால் உறுதியாகும். பரிசோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பதை அந்த மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டை வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு நோய். உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருந்தைப் பற்றி. செற்றிரிசின், லொரற்றடின் போன்ற மாத்திரைகள் சில மணி நேரத்தில் வேலை செய்யும். மூக்கில் அடிக்கும் ஸ்ரீரொயிட் மருந்து அப்படியன்று. அதன் முழுப் பயன் தெரிய ஒன்று இரண்டு வாரமாகும். அதனால் பருவம் தொடங்குவதற்கு முன்பே அதைத் தொடங்கச் சொல்கிறோம். இங்கேதான் பருவம் நகர்வது எங்கள் கடைக்குள் நுழைகிறது. பலர் பழைய வழக்கப்படி மே மாதத்தில் வந்து கேட்கிறார்கள். அதற்குள் அவர்களுடைய மூக்கு வீங்கி, மருந்து உள்ளே போக இடமின்றி அடைத்திருக்கும். அடைப்பை உடனே திறக்கிற வேறு ஸ்பிரேயை வாங்கி வாரக்கணக்கில் அடிப்பவர்களும் உண்டு. மூன்று நாட்களுக்கு மேல் போனால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

ராக்வீட்டுக்கு நாவின் கீழ் வைக்கும் மாத்திரை மருத்துவர் சீட்டில் கிடைக்கிறது. அதைப் பருவத்துக்குக் குறைந்தது 12 வாரம் முன்பே தொடங்க வேண்டும். ராக்வீட் ஆகஸ்ட் நடுவில் பூப்பது மாறாததால் அந்தக் கணக்கு எளிது: மே இரண்டாம் வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள். ஆனால் அதை நிறுத்தும் நாளைப் பழைய நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். உறைபனி விழுந்ததா என்று பார்த்து மருத்துவரோடு பேசுங்கள். மர மகரந்தத்துக்கோ நிலையான நாள் எதுவும் இல்லை. பெப்ரவரி கடைசியில் பனி விரைந்து உருகுகிறது என்று தெரிந்தால், நாட்காட்டி என்ன சொன்னாலும் மூக்கு மருந்தைத் தொடங்கிவிடலாம்.

ஸ்பிரே அடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பத்தில் எட்டுப் பேர் தவறாகவே அடிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தலையைச் சற்றுக் குனிந்து, இடது மூக்குத் துளைக்கு வலது கையாலும் வலது துளைக்கு இடது கையாலும் பிடித்து, முனையைக் காதுப் பக்கம் சரித்து அடியுங்கள். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் அது புண்ணாகி இரத்தம் கசியும். அடித்தவுடன் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

கிளுவைவேலி எழுதியது

மிக்க நன்றி. பேராசிரியர் சொன்னபடி நேற்றிரவு நாட்காட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ஏப்ரல் வட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு முன்னும் பின்னுமாகத் தாவுகின்றன. அவற்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகஸ்ட் தொடக்கம் எல்லா ஆண்டுகளிலும் 12 ஆம் திகதிக்கும் 18 ஆம் திகதிக்கும் இடையில்தான். கடைசி வட்டம் மட்டும், இரண்டு ஆண்டுகளைத் தவிர, படிப்படியாக ஒக்டோபருக்குள் நகர்ந்திருக்கிறது. தோல் பரிசோதனைக்கு நாள் எடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.